கிரனோலா: பாக்கெட்டா, ஓவனா, கடாயா?

போன மாதம் பெரம்பூரில் இருக்கும் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "அக்கா, கிரனோலா செய்யறதுக்குன்னு ஒரு ஓடிஜி வாங்கிடட்டுமா?"

கிரனோலா என்பது ஓட்ஸையும் கொட்டைகளையும் இனிப்புச் சேர்த்து மொறுமொறுவென்று சூடாக்கிய காலை உணவு; ஓடிஜி என்பது மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன். அவள் வீட்டுக் கதை இதுதான். கணவருக்குக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருக்கிறது. காலையில் ஓட்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரோ ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவைக்கிறார். கிரனோலாவாக இருந்தால் சாப்பிடுவார் என்று ஒரு பாக்கெட் வாங்கிவந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நான்கே நாளில் அதை நொறுக்குத்தீனியாகத் தின்று முடித்துவிட்டார்கள். பாக்கெட் வாங்கிக் கட்டுப்படியாகாது, வீட்டிலேயே செய்யலாம், அதற்கு ஓவன் வேண்டும். இப்படித்தான் அவள் கணக்கு ஓடியது.

கிரனோலா பற்றிக் கேட்கும் பலரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கடையில் வாங்குவதா, ஓவனில் சுடுவதா, இருக்கிற கடாயில் வறுத்துக்கொள்வதா? மூன்றையும் நான் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன். முதலில் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்துப் பார்ப்பது

கிரனோலா என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: தட்டையாக்கிய தானியம், கொட்டைகள், விதைகள், அவற்றின் மேல் மெல்லிசாக இனிப்பும் எண்ணெயும் பூசி மொறுமொறுவென்று ஆகும்வரை சூடாக்குவது. இனிப்பும் எண்ணெயும் இல்லாமல், சுடாமல் கலந்தால் அது மியூஸ்லி.

இதற்கு 'ஆரோக்கிய உணவு' என்ற பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டில். நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் இயற்கை மருத்துவ விடுதி நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் 1863இல் முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, திரும்பச் சுட்டு 'கிரனுலா' செய்தார். கல் மாதிரி இருந்ததால் ராத்திரியே பாலில் ஊறப்போட வேண்டியிருந்தது. பிறகு மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் அதே போன்ற ஒன்றை அதே பெயரில் செய்ய, தகராறு வந்து பெயர் 'கிரனோலா' ஆனது. ஓட்ஸ், தேன், கொட்டை என்று நாம் இன்று சாப்பிடும் வடிவம் 1960களில் அமெரிக்காவில் பரவியது. அதாவது ஆரோக்கியம் என்ற பெயர் முதலில் வந்தது, இனிப்பும் எண்ணெயும் பின்னால் வந்து சேர்ந்தன. ஆகவே பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை அளந்து பார்க்க வேண்டும்.

நான் அளப்பவை:

சேர்த்த சர்க்கரை. ஒரு வேளைக்கு 45 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை கிராம் சர்க்கரை? நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேன், வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

யார் சாப்பிடப்போகிறார்கள். கொலஸ்ட்ரால் உள்ளவர், சர்க்கரை நோய் உள்ளவர், பல் ஆடுகிற பாட்டி, ஓயாமல் கொறிக்கும் பிள்ளைகள் என்று ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

நம் ஊர் ஈரக்காற்று. அமெரிக்கச் சமையல் குறிப்பில் 'ஒரு மாதம் வெளியிலேயே கெடாது' என்று இருக்கும். சென்னையில் ஐப்பசி மழையில் மூடியைச் சரியாக அழுத்தவில்லை என்றால் இரண்டே நாளில் நமத்துவிடும்.

பணமும் நேரமும். செலவு மட்டும் அல்ல, அடுப்பு முன்னால் நிற்கிற நேரமும்.

## கடைப் பாக்கெட்

வாங்குவதற்கு முன் பாக்கெட்டைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் தேனும் பாதாமும் படமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். உண்மை பின்பக்கத்தில். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். ஓட்ஸுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை இருந்தால் கீழே வைத்துவிடலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம் என்று நான்கைந்து பெயராகப் பிரிந்து இருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டினால் எல்லாம் ஒன்றுதான். அதனால் சத்து அட்டவணையில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 20 என்று இருந்தால் உங்கள் 45 கிராமில் 9 கிராம். அதாவது இரண்டு டீஸ்பூனுக்கு மேல். நான் 10க்குக் கீழே இருப்பதைத்தான் வாங்குகிறேன்; தேடினால் கிடைக்கிறது.

பாக்கெட்டின் மறைமுகச் செலவு விலையில் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது. 45 கிராம் என்பது எவ்வளவு என்று சமையல் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். நம் வீட்டு ரசக் கிண்ணத்தில் கண்ணளவில் கொட்டினால் 80, 90 கிராம் போய்விடும். சர்க்கரையும் இரட்டிப்பு, கலோரியும் இரட்டிப்பு. வீட்டில் செய்தாலும் இதே ஆபத்து உண்டு. ஆனால் நாமே அரை மணி நேரம் நின்று செய்ததை அள்ளிக் கொட்டக் கை தானாகவே யோசிக்கும்.

விடுதியில் தங்கியிருப்பவர், தனியாக இருப்பவர், வாரத்தில் ஒருநாள் மட்டும் சாப்பிடுபவர், பயணம் போகிறவர்: இவர்களுக்குப் பாக்கெட்தான் சரி. சின்னதாக வாங்கி, திறந்த பின் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

## ஓவனில் சுட்டது

ஓவன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் இது சுகமான வேலை. என் அளவு இது:

ரோல்டு ஓட்ஸ் (தட்டையாக்கிய முழு ஓட்ஸ்) 300 கிராம், நறுக்கிய பாதாம் 60, வறுக்காத வேர்க்கடலை 60, பூசணி விதை 40, தேன் 60, கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் ஏலக்காய். சுட்டு ஆறிய பிறகு உலர் திராட்சை 50 கிராம்.

தேன், எண்ணெய், உப்பை லேசாகச் சூடாக்கிக் கலந்து, மற்றதன் மேல் ஊற்றிப் பிசிறி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 150 டிகிரியில் அரை மணி நேரம். பாதியில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், சின்ன ஓடிஜிகளில் பின்மூலை சீக்கிரம் கருகும். அரை மணி ஆனதும் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். இங்கேதான் முதல்முறை செய்பவர்கள் பயந்துபோய் இன்னும் பத்து நிமிடம் விட்டுக் கருக்குகிறார்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். நிறம் மாரி பிஸ்கட் மாதிரி வந்ததும் வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் கிளறாமல் விட்டுவிடுங்கள்.

ஓட்ஸ் வாங்கும்போது ரோல்டு ஓட்ஸ்தானா என்று பாருங்கள். சீக்கிரம் வேகும் ஓட்ஸ் தூளாகிவிடும். திராட்சையைக் கடைசியில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. முதல் தடவை நான் எல்லாவற்றையும் சேர்த்தே உள்ளே வைத்தேன். திராட்சை பலூன் மாதிரி உப்பி, கருத்து, கசந்து, தட்டு முழுக்க அந்தக் கசப்பு ஏறிவிட்டது.

இப்போது சர்க்கரைக் கணக்கு. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. 60 கிராம் தேனில் 48 கிராம். சுட்டபின் மொத்தம் 580 கிராம் அளவில் நிற்கும். ஆக 45 கிராமில் சேர்த்த சர்க்கரை 4 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. இதே அளவு ஓட்ஸுக்கு வெளிநாட்டுக் குறிப்புகளில் அரைக் கப் தேன் என்று சர்வசாதாரணமாகப் போட்டிருப்பார்கள். அரைக் கப் தேன் என்பது 170 கிராம்! அதைச் செய்தால் ஒரு வேளைக்கு 8, 9 கிராம் வந்துவிடும். கடைப் பாக்கெட்டுக்கும் உங்கள் வீட்டு டப்பாவுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேனைக் குறைத்தால் கட்டி கட்டியாகப் பிடிக்காது, உதிரியாகத்தான் வரும். கட்டியை ஒட்டவைப்பதே அந்த இனிப்புதான். முட்டை சாப்பிடும் வீடு என்றால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்து, தட்டில் கரண்டியால் அழுத்திவிட்டு, இடையில் கிளறாமல் சுடுங்கள். தேன் கூட்டாமலே கட்டி பிடிக்கும்.

கலோரி குறையும் என்று நினைத்து வீட்டில் செய்ய வேண்டாம். மேலே சொன்ன அளவில் 45 கிராமுக்கு 210 கலோரி வருகிறது. கொட்டையும் எண்ணெயும் போட்டால் அப்படித்தான் வரும்.

ஓவனின் மறைமுகச் செலவுகள்: மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் வேண்டும். கொஞ்சம் பெரிய ஓடிஜி என்றால் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் கேட்கும். பழைய பிளாட் சமையலறைகளில் அது இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள். மின்சாரம் பெரிய செலவு இல்லை, ஒரு ஈடுக்கு ஒரு யூனிட் அளவில் அடங்கிவிடும். உண்மையான செலவு பாதாம்.

## கடாயில் வறுத்தது

நான் முதன்முதலில் கடாயில் முயன்றபோது தேனையும் வெல்லத்தையும் தராசில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ அளக்கறே? பொரி உருண்டைப் பாகுதானே இது" என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு இது அந்நியப் பண்டமாகத் தெரியவில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டையை வெல்லப் பாகில் பிடிப்பதில் நம் ஊருக்கு இருக்கும் கைப்பழக்கம் அவ்வளவு ஆழமானது. அந்தப் பழக்கம் போதும்.

கெட்டிச் சிவப்பரிசி அவல் 300 கிராம். மிதமான தீயில், இரண்டு பங்காகப் பிரித்து வறுக்கவும். ஓர் அவலை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினால் 'டக்' என்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு நிமிடம். வறுத்த வேர்க்கடலை 80, பொட்டுக்கடலை 50, எள் 20, கொப்பரைத் துருவல் 30. ஈரத் தேங்காய் வேண்டாம், ஒரு வாரத்தில் காறல் அடிக்கும். வெல்லம் 80 கிராமை இரண்டு கரண்டி (இங்கே கரண்டி என்றால் மேசைக்கரண்டி) தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு கரண்டி நெய், சுக்கு, ஏலம் சேர்த்துக் காய்ச்சவும்.

பாகுப் பதம்தான் இதில் உயிர். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலில் உருட்டினால் மிருதுவான உருண்டையாக வர வேண்டும். அதற்கு முன்னால் கொட்டினால் பாகில் இருக்கும் தண்ணீர் அவலில் ஏறி நமத்துவிடும். கடலை மிட்டாய்ப் பதம் வரை போனால், பாகு பரவுவதற்குள்ளேயே இறுகி ஒரு மூலையில் கட்டியாக நின்றுவிடும். உருண்டைப் பதத்தில் கலந்து, பிறகு தீயைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம் கிளறிக்கொண்டே உலர்த்துங்கள். தட்டில் கொட்டும்போது கரண்டியில் ஒட்டாமல் கலகலவென்று விழ வேண்டும்.

80 கிராம் வெல்லத்துக்கு 45 கிராமில் சர்க்கரை ஐந்தரை, 6 கிராம் வரும். ஓவனில் செய்ததைவிட அதிகம். வெல்லத்தை 50 ஆக்கினால் 4க்குக் கீழே இறங்கும், ஆனால் உதிரியாக இருக்கும். நான் 50தான் போடுகிறேன். எண்ணெய் விஷயத்தில் கடாய்க்கே வெற்றி, ஒரு கரண்டி நெய் போதும்.

குறைகள்: முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் நின்றபடி கிளற வேண்டும். கெட்டி அவல் பல்லுக்குக் கடினம். வயதானவர்களுக்கு மெல்லிசு அவலில் செய்யுங்கள், அல்லது தயிரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கொடுங்கள். அரிசி அவல் என்பதால் நார்ச்சத்தும் புரதமும் ஓட்ஸைவிடக் குறைவு: 100 கிராமுக்குப் புரதம் ஓட்ஸில் 13 கிராம், அவலில் 7, நார்ச்சத்து ஓட்ஸில் 10, அவலில் மூன்றரை அளவில். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த அவல் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பு அவல், சோள அவல் கிடைத்தால் கலந்து செய்யலாம். அவற்றுக்கும் அளவு முக்கியம்தான்.

## ஒரே பார்வையில்

| | பாக்கெட் | ஓவன், ஓட்ஸ் | கடாய், அவல் |
|---|---|---|---|
| 45 கிராமில் சேர்த்த சர்க்கரை | 100 கிராமுக்கு 20 என்றால் 9 கிராம் | 4 கிராமுக்குள் (தேன் 60) | 4 முதல் 6 (வெல்லம் 50 முதல் 80) |
| எண்ணெய், நெய் | நம் கையில் இல்லை | 3 கரண்டி | 1 கரண்டி |
| அடுப்படியில் நேரம் | இல்லை | 10 நிமிடம், மீதி ஓவன் பார்த்துக்கொள்ளும் | 35–40 நிமிடம் |
| அரைக் கிலோவுக்குச் செலவு, தோராயமாக | 350–450 ரூபாய் | 200 ரூபாய் | 80–100 ரூபாய் |
| நமக்காமல் இருப்பது | திறக்கும்வரை மாதக்கணக்கில் | 2–3 வாரம் | 2 வாரம் |
| யாருக்கு | தனி ஆள், பயணம் | ஓவன் ஏற்கெனவே இருப்பவர், கட்டி கட்டியான கிரனோலாவை விரும்புபவர் | பிள்ளைகள் உள்ள வீடு, ஓவன் இல்லாத வீடு |

விலைகள் நான் வாங்கும் கடைகளை வைத்துப் போட்டவை. பாதாமைக் கூட்டினால் ஓவன் கணக்கு எளிதில் பாக்கெட்டைத் தொட்டுவிடும். பாதிப் பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை போடுங்கள். புரதத்தில் வேர்க்கடலை ஒரு படி மேலே.

## தோழிக்குச் சொன்னது

அடுப்பு ஒரு கேள்வி, தானியம் வேறொரு கேள்வி. இரண்டையும் அவள் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தாள். ஓட்ஸ் கிரனோலாவுக்கு ஓவன் கட்டாயம் இல்லை. 300 கிராம் ரோல்டு ஓட்ஸை இரண்டு பங்காக, சிறுதீயில் பன்னிரண்டு நிமிடம் கைவிடாமல் வறுத்தால் பிஸ்கட் வாசம் வரும். 60 கிராம் வெல்லப் பாகு, ஒரு கரண்டி எண்ணெய், நூறு கிராம் வேர்க்கடலை, கொஞ்சம் எள், பூசணி விதை, கடைசியில் ஒரு பிடி திராட்சை. சர்க்கரை ஒரு வேளைக்கு நாலரை கிராமுக்குள் நிற்கும். ஓடிஜிக்குப் போகும் பணம் மிச்சம்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவது ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும். 100 கிராம் ஓட்ஸில் இருப்பது 4 கிராம் அளவு. 45 கிராம் கிரனோலாவில் ஓட்ஸ் பாதிதான், 23 கிராம்; பீட்டா குளுக்கான் 1 கிராம்கூட முழுதாக வராது. ஆக, டாக்டர் சொன்னதைக் கிரனோலாவை மட்டும் வைத்து நிறைவேற்ற முடியாது. அளவைக் கூட்டிச் சாப்பிட்டால் சர்க்கரையும் கலோரியும் சேர்ந்தே ஏறும். தேங்காய் எண்ணெயில் செய்தால் இன்னும் மோசம், அதில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைகொழுப்பு.

அவள் கணவருக்கு இனிப்புக் கஞ்சிதான் பிடிக்கவில்லை. ஓட்ஸ் பிடிக்காது என்பதில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், காய்கறி போட்டு ஓட்ஸ் உப்புமா, மோர் ஊற்றி உப்புக் கஞ்சி என்று மாற்றிப் பார்க்கச் சொன்னேன். கிரனோலா அவருக்குத் தயிரின் மேலே தூவ இரண்டு கரண்டி மட்டும்.

பிள்ளைகளுக்கு அவல் வகை. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதிலாக, ஒரு சின்னக் கிண்ணம். நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும், பொடித்துத்தான் போட வேண்டும். தேன் சேர்த்ததை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, சுட்டிருந்தாலும் கூடாது.

டப்பாவில் போடுவதற்கு முன் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, அத்தனை உழைப்பும் போய்விடும். நமத்துப்போனால் தூக்கிப் போட வேண்டாம், காய்ந்த கடாயில் சிறுதீயில் ஐந்து நிமிடம் புரட்டி, திரும்ப ஆறவிட்டால் சரியாகிவிடும். காறல் வாசம் வந்தால் மட்டும் தூர எறியுங்கள். ஆளிவிதை போடுவதாக இருந்தால் முழுசாக வறுத்து வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது பொடித்துத் தூவுங்கள், பொடி சீக்கிரம் காறிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். எவர்சில்வர் சம்படத்தில் சிவப்பு அவலும் கடலையும். "கட்டியே பிடிக்கலக்கா, பாகு தப்பாயிடுச்சா?" என்று கேட்டிருந்தாள். வெல்லம் எவ்வளவு போட்டாய் என்று கேட்டேன். 50 கிராம் என்றாள். "அப்ப சரியாத்தான் வந்திருக்கு" என்று பதில் போட்டேன்.